பிள்ளை மடுவமும் மொண்டிசோரி வகுப்பறையும்: ஊவாத் தோட்டங்களில் சிறு பிள்ளைகளின் கல்வி

பதுளை நகரில் முன்பள்ளி என்று சொல்வோரைவிட 'மொண்டிசோரி' என்று சொல்வோரே அதிகம். அது ஓர் இத்தாலிய மருத்துவரின் பெயர் என்பதும், குறிப்பிட்ட ஒரு கல்வி முறையைச் சுட்டுவது என்பதும் மறந்துபோய், சீருடையும் புத்தகப் பையும் மாதக் கட்டணமும் உள்ள எந்தச் சிறுவர் பள்ளிக்கும் அது பொதுப்பெயராகிவிட்டது. நகரத்தை விட்டுப் பசறைப் பக்கமோ ஹாலி-எல பக்கமோ மலையேறினால் அதே வயதுப் பிள்ளைகளுக்கு வேறொரு சொல் வழங்குகிறது. அது பிள்ளை மடுவம். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுச் செல்லும் இடம் அது. இன்று அதன் பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருந்தாலும், பேச்சில் பழைய பெயரும் மனத்தில் பழைய எண்ணமும் நீடிக்கின்றன. மொண்டிசோரி என்றால் படிக்கும் இடம், மடுவம் என்றால் பார்த்துக்கொள்ளும் இடம் என்ற பிரிவினையே அந்த எண்ணம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. மொண்டிசோரி வகுப்பறையில் சிறு பிள்ளைகள் உண்மையில் எதைக் கற்கிறார்கள் என்று நுணுகிப் பார்த்தால், அந்தக் கல்விக்கு மிகவும் பொருந்திய இடம் தோட்டத்துப் பிள்ளை மடுவமே என்பது விளங்கும். அது இன்னும் அங்கே வேர்கொள்ளாததற்குப் பிள்ளைகளும் காரணமில்லை, பெற்றோரும் காரணமில்லை.

முதலில் அந்த முறை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். 1907 ஜனவரி 6ஆம் திகதி உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மொண்டிசோரி தமது முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அது வசதியானவர்களின் பகுதி அன்று. ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தொகுதி வீடுகளைக் கட்டட நிறுவனம் ஒன்று திருத்தியமைத்திருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனதும் ஐம்பதுக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடி, சுவர்களைக் கீறிப் பாழாக்கினார்கள். சுவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துக் கவனிக்க ஆள் வேண்டும் என்று நிருவாகம் கருதியது. மொண்டிசோரி அழைக்கப்பட்டது அதற்காகத்தான். அவர் மருத்துவ வேலையிலும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டிருந்ததால், நாள்தோறும் பிள்ளைகளோடு இருந்தவர் அந்தக் கட்டடத்துக் காவலாளியின் மகள். பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லாத அந்தப் பெண் மொண்டிசோரியின் வழிகாட்டலில் வேலை செய்தார். உலகெங்கும் பெரும் கட்டணம் பெறும் பள்ளிகளின் பெயராகிவிட்ட ஒரு முறை, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைக் காவல் காக்க ஒதுக்கிய அறையில் பிறந்தது. தோட்டத்து மடுவத்தின் தோற்றக் கதையும் இதுவே. சான் லொரென்சோவில் சுவரைக் காப்பாற்ற அறை ஒதுக்கினார்கள், இங்கே கொழுந்து பறிக்கும் கையை வேலைக்கு விடுவிக்க மடுவம் கட்டினார்கள். உரோமில் அந்த அறைக்குள் ஒரு கல்விச் சிந்தனை நுழைந்தது. இங்கே அது நீண்ட காலம் நுழையவில்லை.

அந்தச் சிந்தனை நமக்கு எட்டாத தூரத்தில் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மொண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் போனது. அப்படித் தங்கிய காலத்தில் சில ஆண்டுகளைக் கொடைக்கானல் மலையில் கழித்தார். 1944இல் இலங்கைக்கு வந்து அரசாங்கம் அங்கீகரித்த பயிற்சி நெறி ஒன்றையும் நடத்தினார். அவருடைய முக்கிய நூல்களில் ஒன்றான 'உள்வாங்கும் மனம்' 1949இல் அடையாறிலிருந்தே முதலில் வெளிவந்தது. ஆனால் அவர் இலங்கைக்கு வந்த காலத்தில் தோட்டப் பிள்ளைகளின் நிலை வேறாக இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அவர்களுடைய பள்ளிப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரையே நாடற்றவர்களாக்கியது. 1970களிலும் அதன் பின்னரும்தான் அப்பாடசாலைகள் கட்டம் கட்டமாக அரசின் கைக்கு வந்தன. ஐந்து வயதுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் மூன்று வயதுப் பிள்ளையை யார் நினைத்திருப்பார்கள்? 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளுக்கு மாறியபோது தொழிலாளர் நலனுக்கென ஒரு பொது நிதியம் உருவாகி, பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் பெற்றது. மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறத் தொடங்கியது அதன் வழியாகவே. 2012 குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர், அதாவது மாவட்ட மக்களில் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். எனவே இது ஒரு சிறு கூட்டத்தின் தனிப்பட்ட பிரச்சினை அன்று.

இனி வகுப்பறைக்குள் வருவோம். மொண்டிசோரி அறையில் மூன்று வயதுப் பிள்ளை முதலில் கற்பது எழுத்தை அன்று. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் மாட்டுவது, பாயைச் சுருட்டி வைப்பது, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என்றுதான் தொடங்குகிறது. அடுத்து புலன்களுக்கான பொருட்கள் வருகின்றன. ஒரு சென்றிமீற்றர் கனத்திலிருந்து பத்துச் சென்றிமீற்றர் வரை பத்துக் கனக்கட்டைகளால் ஆன இளஞ்சிவப்புக் கோபுரம் அவற்றில் புகழ்பெற்றது. உருளைக் கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் பலகை இன்னொன்று. ஓர் உருளை தவறான குழிக்குள் போனால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும். பிள்ளை பிழையைத் தானே காண்கிறது, ஆசிரியையின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதில் பிள்ளை கற்பது பருமன் மட்டுமில்லை. ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பது, நடுவில் விடாமல் இறுதிவரை செய்வது, பிழை வந்தால் பயப்படாமல் திருத்துவது ஆகியவற்றையும் அது சேர்த்தே பெறுகிறது. தேயிலைத் தோட்டத்தின் பொருளாதாரமே பயின்ற புலன்களின் மேல்தான் நிற்கிறது. இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கண் பார்ப்பதற்குள் விரல் அறிந்து கிள்ளுகிறது. தொழிற்சாலையில் சல்லடையின் கண்ணளவைக் கொண்டு தூளைத் தரம் பிரிக்கிறார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஏறும் தனி மணத்தை நாவாலும் மூக்காலும் அறிந்து விலை சொல்கிறார்கள். கையும் புலனும் அறிவின் வாசல் என்பதற்குச் சான்று தேட மலையகத்தான் வெளியே போக வேண்டியதில்லை. ஆனால் அந்த வாசலைத் தன் பிள்ளையின் கல்விக்குத் திறந்துவிட வேண்டும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

மொழியில் இந்த முறை செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. சொற்களை மூன்று படிகளில் தருகிறார்கள். 'இது வழவழப்பு, இது சொரசொரப்பு' என்று பெயர் சொல்வது முதற்படி. 'எது சொரசொரப்பு?' என்று கேட்டுப் பிள்ளையைத் தொட்டுக் காட்டச் செய்வது இரண்டாம் படி. 'இது என்ன?' என்று கேட்டுப் பிள்ளையையே சொல்லச் செய்வது மூன்றாம் படி. இரண்டாம் படியில் தயங்கும் பிள்ளையை மூன்றாம் படிக்கு இழுப்பதில்லை. அடுத்து மணல்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி அதன் ஒலியைச் சொல்லப் பழகுகிறது. பிறகு தனித்தனி எழுத்துத் துண்டுகளைக் கோத்துத் தன் மனத்திலுள்ள சொல்லை அமைக்கிறது. ஆனால் இத்தாலிய மொழிக்காக உருவான இந்த ஏற்பாட்டைத் தமிழுக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. 'கொடி' என்ற சொல்லில் காது முதலில் கேட்பது ககரத்தை, கை முதலில் எழுதுவதோ ஒற்றைக் கொம்பை. கல், தங்கம், பகல் என்ற மூன்றிலும் ககரம் ஒரே வடிவில் வந்து மூன்று விதமாக ஒலிக்கிறது. அதற்கும் மேலாக, லயம் என்ற தோட்ட வரிசை வீட்டில் வளரும் பிள்ளை 'எல', 'கொட', 'கல்லு', 'பாலு' என்று பேசுகிறது, புத்தகமோ இலை, குடை, கல், பால் என்கிறது. ஆகவே கொம்பும் காலும் சேர்ந்த உயிர்மெய்யை ஒரே துண்டாகச் செய்ய வேண்டும். அம்மா, தாத்தா, ஆடு, மாடு, பாட்டி, பூ என்று பேச்சும் எழுத்தும் ஒத்துப்போகும் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளை தன் வாய்மொழியில் 'எல' என்று கோத்தால் அதைப் பிழை என்று தள்ளாமல், காது சரியாகக் கேட்டதற்கான சான்றாக ஏற்க வேண்டும். இது பதுளையிலும் பண்டாரவளையிலும் இருக்கும் தமிழ் ஆசிரியைகள் கூடிச் செய்யக்கூடிய வேலை. வெளிநாட்டுக் கையேடு ஒன்றும் இதை நமக்குச் செய்து தராது.

எண்ணிலும் அப்படித்தான். மொண்டிசோரி வகுப்பில் ஒன்று என்பது ஒரு பொன்மணி, பத்து என்பது மணிகள் கோத்த ஒரு கோல், நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனம். நான்கரை வயதுப் பிள்ளை ஆயிரத்தைக் கையில் தூக்கி, அது ஒன்றைவிட எவ்வளவு கனமானது என்று உடம்பால் அறிகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இது கூடுதலாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. நம் எண்ணுப்பெயர்களில் ஒன்பதின் வரிசை மட்டும் தனியாக நிற்கிறது. எட்டுப் பத்து எண்பது, எட்டு நூறு எண்ணூறு. ஆனால் ஒன்பது பத்துக்குத் தொண்ணூறு, ஒன்பது நூறுக்குத் தொள்ளாயிரம் என்கிறோம். ஒன்பதுக்குள் பத்தும், தொண்ணூறுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒலிக்கின்றன. வாயால் மட்டும் எண் கற்ற பிள்ளை தொண்ணூறை நூறுகளின் கூட்டத்தில் சேர்த்துக் குழம்ப இடமுண்டு. ஒன்பது கோல்களை அருகருகே வைத்துப் பார்த்த பிள்ளைக்குப் பெயர் என்ன சொன்னாலும் அளவு ஐயமின்றித் தெரியும். எண்களை நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டு பெருமைப்படும் நாம், ஒப்பித்தலுக்கும் அறிதலுக்கும் உள்ள இடைவெளியை இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே காணலாம்.

பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதும் இந்த முறையின் உயிர்நாடி. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒரே அறையில் இருப்பார்கள். ஒவ்வொரு பொருளும் அறையில் ஒன்றுதான் இருக்கும். இன்னொருவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்து காட்டும், காட்டும்போது தானும் இன்னொரு முறை கற்கும். நகரத்து முன்பள்ளிகள் வயதுவாரியாக வகுப்புப் பிரிப்பதைத் தரத்தின் அடையாளமாகக் கருதுகின்றன. மடுவத்திலோ வயது கலந்த கூட்டம் இயல்பாகவே இருக்கிறது. அக்காள் தம்பியைத் தட்டித் தூங்கவைப்பதும், பெரிய பிள்ளை சிறியதற்குச் சோறு ஊட்டுவதும் அங்கு அன்றாடம் நடப்பவை. நகரத்து வகுப்பு காலையில் சில மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது, மடுவத்தில் பிள்ளை தாயின் வேலைநேரம் முழுதும் இருக்கிறது. பிள்ளைகள் தோட்டத்தின் ஒரே டிவிசனைச் சேர்ந்தவர்கள். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குறுக்கீடில்லாத நீண்ட நேரம், கலந்த வயது, ஒரே சமூகம் என்று மொண்டிசோரி கேட்ட மூன்றும் அங்கே கூடியிருக்கின்றன. இல்லாதவை கற்றலுக்கான பொருட்களும், அவற்றைத் தரத் தெரிந்த பெரியவரும்தான்.

இம்முறை உண்மையில் பயன் தருகிறதா என்பதற்குச் சான்று வேண்டும். விரும்பிச் சேர்த்த பெற்றோரின் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பள்ளியால் வந்ததா வீட்டால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதனால் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தோரையும் கிடைக்காதோரையும் ஒப்பிட்ட ஆய்வுகளுக்கே மதிப்பு அதிகம். அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்ட் 2006இல் மில்வாக்கி நகரிலும், 2017இல் ஹார்ட்பர்ட் நகரில் 141 பிள்ளைகளைக் கொண்டும் வெளியிட்ட ஆய்வுகள் அவ்வகையின. இரண்டாவது ஆய்வில், மொண்டிசோரி வகுப்பிலிருந்த வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வசதியான பிள்ளைகளுக்கும் இடையிலான கற்றல் இடைவெளி குறைந்தது. நமக்கு மிக முக்கியமான முடிவு அதுதான். 2023இல் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மீளாய்வும் படிப்பிலும் மனவளர்ச்சியிலும் மிதமான ஆனால் தெளிவான நன்மையைக் கண்டது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரான்சில் வறிய பகுதிப் பிள்ளைகளிடையே நடந்து 2021இல் வெளியான ஆய்வில் வாசிப்பில் மட்டுமே முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்திலும் தன்கட்டுப்பாட்டிலும் சமூகத் திறனிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இது எல்லாம் செய்யும் மந்திரம் இல்லை. 2012இல் லில்லார்ட் கண்ட இன்னொரு முடிவு நம் ஊருக்கு நேரே பொருந்துகிறது. முறையை முழுமையாகக் கடைப்பிடித்த வகுப்புகளில் கிடைத்த நன்மை, பயிற்சித்தாள்களும் பிற விளையாட்டுப் பொருட்களும் கலந்த வகுப்புகளில் கிடைக்கவில்லை. பெயரைப் பலகையில் எழுதி, உள்ளே வரிவரியாக அகரம் எழுதவைக்கும் பள்ளி பெயருக்குரிய பலனைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எதிர்வாதங்களில் முதன்மையானது பசி பற்றியது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 சதவீதம், பெருந்தோட்டங்களில் 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியிருக்கும் இடத்தில் கோபுரக் கட்டையும் மணியும் எதற்கு, முதலில் பாலும் முட்டையும் கொடுங்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. கொடுக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஆனால் உணவு முதலில், கல்வி பிறகு என்று வரிசைப்படுத்துவது தவறு என்பதை யமேக்கா நாட்டின் கிங்ஸ்ரன் நகரில் நடந்த ஆய்வு காட்டுகிறது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலருக்கு ஊட்ட உணவும், சிலருக்குத் தாயோடு சேர்ந்து வாரந்தோறும் விளையாட்டுவழித் தூண்டுதலும், சிலருக்கு இரண்டும் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 1991இல் வெளியான முடிவில், இரண்டும் தனித்தனியே பயன் தந்தன, சேர்ந்தபோது கூடுதலாகத் தந்தன. 22 வயதில் அவர்களை மீண்டும் சந்தித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டுதல் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 25 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்தத் தூண்டுதலைக் கொடுத்தவர்கள் பட்டதாரிகள் இல்லை. வீட்டில் செய்த விளையாட்டுப் பொருட்களைக் கையிலெடுத்துச் சென்ற சமூகச் சுகாதாரப் பணியாளர்களே அவர்கள். வயிறு நிறைந்து கை சும்மா இருக்கும் பிள்ளையும் இழக்கிறது என்பதே அதன் பாடம்.

இரண்டாவது எதிர்வாதம் மலையகத்துக்கே உரியது, என் கருத்தில் மிகக் கனமானது. பெருக்குவது, கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது, பொறுக்கிப் பிரிப்பது ஆகியவற்றைக் கல்வி என்று தோட்டப் பிள்ளைக்குக் கொடுத்தால், அதைக் கூலியாளாகப் பழக்குவதைத் தவிர வேறென்ன? தோட்டப் பள்ளிகளின் வரலாறே தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே வைத்திருந்த வரலாறு. அதனால் இந்த ஐயம் எழுவது இயல்பு. விடை, செயலின் உருவத்தில் இல்லை, அதன் நோக்கத்தில் இருக்கிறது. லயத்துக் காம்பராவில் பெண்பிள்ளை அவசரமாகத் தண்ணீர் தூக்குவது வீட்டின் தேவைக்காக. வகுப்பில் ஊற்றிப் பார்ப்பது அவள் தன் கையைத் தானே ஆளக் கற்பதற்காக. அதைத் தேர்ந்தெடுப்பதும் நிறுத்துவதும் அவள் விருப்பம், ஆண்பிள்ளைக்கும் அது பொது. ஆனால் இந்த விடை ஒரு நிபந்தனையோடுதான் செல்லுபடியாகும். கைவேலைப் பயிற்சிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எண்மணிகளும் எழுத்தும் வரைபடமும் செலவானவை என்று விட்டுவிட்டால், ஐயப்பட்டவர்களின் வாதம் முழுக்க உண்மையாகிவிடும். மொண்டிசோரி வகுப்பில் ஊற்றும் கைதான் எழுதும் கைக்கு ஆயத்தமாகிறது. அந்தப் பாதையைப் பாதியில் வெட்டி, முதற்பாதியை மட்டும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பது பெரும் அநீதி.

மூன்றாவது, பெற்றோரின் எதிர்பார்ப்பு. தரம் 1க்குப் போகுமுன் பிள்ளை எழுத வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் நாலு சொல் தெரிய வேண்டும் என்று தாய் விரும்புகிறாள். தான் படிக்க முடியாமல் போனதன் வேதனை அந்த விருப்பத்தில் இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்குவது பண்பாகாது. ஆனால் பென்சிலைப் பிடிக்க விரல் பலம் பெறாத பிள்ளையைப் பக்கம் பக்கமாக எழுதவைப்பது எழுத்தின்மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும். மொண்டிசோரி வகுப்பு எழுத்தை மறுப்பதில்லை, அதற்கு வேறு வழியில் போகிறது. பல பிள்ளைகள் அங்கு ஐந்து வயதுக்குள் வாசிக்கத் தொடங்குகிறார்கள். பெற்றோருக்கு அந்த வழியைக் காட்ட வேண்டும். மாதம் ஒரு நாள் தாய்மாரை அழைத்து, அவர்கள் கண்முன் பிள்ளைகளை வேலை செய்யவிட்டாலே போதும். வரி வரியாக எழுதிய கொப்பியைவிட, தன் பெயரைத் துண்டெழுத்துகளால் கோத்து நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையின் முகம் தாய்க்கு அதிகம் சொல்லும். கற்பனைக்கு இங்கே இடமில்லை என்ற குறையும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914இலேயே அதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. அதை நிரப்பும் செல்வம் மலையகத்தில் குறைவில்லை. தாலாட்டும் விடுகதையும் பாட்டி சொல்லும் கதையும் காமன் கூத்தின் தப்பொலியும் பிள்ளையின் காலைப்பொழுதில் இடம்பெறட்டும். ஒரு முறையைப் பின்பற்றுவது என்றால் அதை உருவாக்கியவர் விட்ட இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பதில்லை.

நான்காவது, செலவும் ஆளும். மூலப் பொருட்கள் விலை கூடியவை, பயிற்சி நகரங்களில்தான் கிடைக்கிறது, தோட்டத்துக்கு இது கட்டுமா என்று கேட்கிறார்கள். இதற்கு இந்தியாவிலிருந்து ஒரு பதில் உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு மொண்டிசோரி முறையில் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டியில் கிராமப் பாலர் கல்வி நிலையத்தை அமைத்தார். பின்னர் அனுதாய் வாக் அவர்களோடு கோஸ்பாட் மலைப்பகுதியில் வார்லி ஆதிவாசிப் பிள்ளைகளிடையே அதைத் தொடர்ந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியை அவர்கள் குடிசை முற்றத்துக்குக் கொண்டுபோனார். விதை, இலை, சிப்பி, கூழாங்கல், மூங்கில் ஆகியவையே அங்கே கற்றல் பொருட்களாயின. முற்றத்துப் பள்ளியான 'அங்கன்வாடி' அங்கு உருவானது, 1975இல் இந்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரையே ஏற்றது. தேயிலை விதையும் மூங்கிலும் தச்சரின் வெட்டுப்பலகையும் உள்ள ஊவாவில் பொருளுக்குப் பஞ்சம் வர வேண்டியதில்லை. அளவு மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிழையைக் காட்டுவது அந்தத் துல்லியம்தான். ஆளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், மொண்டிசோரியின் தாக்கத்தையும் உள்வாங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அந்த முறையின் கற்றல் அட்டைகள் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்த வேகத்தில் அவற்றின் பின்னாலிருந்த எண்ணம் போய்ச் சேரவில்லை என்ற விமர்சனம் அதன்மேல் எழுந்தது. எனவே ஊவாவில் தொடக்கம் பொருளிலன்று, மடுவத்தில் இன்று பணிபுரியும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிலும் அவருக்குத் துணையாக இருக்கும் ஆயாவிலும் இருக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்களே. பிள்ளைகளின் மொழியும் வீடும் அறிந்தவர்கள். காவலாளியின் மகள் சான் லொரென்சோவில் செய்ததை, ஒழுங்கான பயிற்சியும் நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்தால் இவர்கள் இங்கே செய்ய முடியும்.

பொறுப்பு யாருடையது என்பதுதான் கடைசிக் கேள்வி, கடினமான கேள்வியும் அதுவே. அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளி மேற்பார்வை மாகாண சபையின் பொறுப்பு. மடுவம் இருப்பதோ கம்பனி நிலத்தில். பராமரிப்போ பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழியாக நடக்கிறது. 2015இல் உலக வங்கியின் 5 கோடி டொலர் கடனோடு தொடங்கிய ஆரம்பப் பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டம் தோட்ட நிலையங்களையும் உள்ளடக்கிக் கட்டடங்களைக் கட்டவும் திருத்தவும் செய்தது. கட்டடம் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்ததைக் கண்ட மாவட்டத்தில் பாதுகாப்பான கட்டடத்தின் அருமையை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கட்டடத்துக்குள் நாள்தோறும் பிள்ளை என்ன செய்கிறது என்பதற்குப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். மாகாணம், கம்பனி, மத்திய அரசு ஆகிய மூவரும் பங்காளிகளாக இருப்பதால் முழுப் பொறுப்பாளி ஒருவரும் இல்லாமற்போகும் நிலை இனியும் தொடரக்கூடாது. ஊவா மாகாண சபை தோட்டத்து நிலையங்களை முழு முன்பள்ளிகளாகப் பதிந்து, உத்தியோகத்தரை முன்பள்ளி ஆசிரியராக அங்கீகரித்து, பயிற்சியைத் தமிழில் பதுளையிலேயே நடத்த வேண்டும். கம்பனி இடமும் உணவும் தர வேண்டும். பெற்றோர் குழு உள்ளே நடப்பதைப் பார்க்கும் உரிமை பெற வேண்டும்.

நகரத்து முன்பள்ளிகளுக்கும் ஒரு சொல். மொண்டிசோரி என்ற பெயரை யாரும் தனியுரிமையாக வைத்திருக்கவில்லை, எனவே யாரும் சூடலாம். சூடியவர்கள் அதற்கு நேர்மையாக இருப்பது கடமை. தோட்டத்துத் தாய்மாருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளையை மடுவத்தில் விட்டுச்செல்வது கல்வியில்லாத இடத்தில் விட்டுச்செல்வது என்று நினைக்க வேண்டாம், அப்படி இருக்கவும் விட வேண்டாம். இன்று என்ன எழுதினாய் என்று கேட்பதோடு நிற்காமல், இன்று உன் கையால் என்ன செய்தாய் என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். அதே கேள்வியை நிலையத்திடமும் தொழிற்சங்கத்திடமும் கேளுங்கள். கூட்டு ஒப்பந்தங்களிலும் சம்பளப் பேச்சுவார்த்தைகளிலும் நாட்கூலியைப் பற்றிப் பேசும் சங்கங்கள், மடுவத்துக்குள் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் காலைப்பொழுதைப் பற்றியும் பேசட்டும். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதாவதற்குள் இருப்பது இரண்டே ஆண்டுகள்.